பிழைக்கும் நெல் போதாது, உண்ணத்தகுந்த நெல் வேண்டும்

பாலாற்றங்கரையில் ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல் வைப்பவர்கள், காவிரிக் கடைமடையில் சம்பா போடுபவர்கள், ரேஷன் அரிசியில் உலை வைப்பவர்கள் ஆகிய நாங்கள் தமிழ்நாடு அரசின் முன்னும் ஒன்றிய அரசின் முன்னும் வைக்கும் சாசனம் இது. விளைவிப்பவர் ஒரு பக்கம், உண்பவர் மறுபக்கம் என்று இதில் பிரிவு கிடையாது. கடைமடையில் நெல்லை விற்றுவிட்டு ரேஷன் அரிசி வாங்கும் குடும்பங்கள் எத்தனை என்று எந்தக் கடைக்காரரும் சொல்வார். எங்கள் மண்ணில் என்ன இருக்கிறது, எங்கள் நெல் அதிலிருந்து எதை உறிஞ்சுகிறது, அது தட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று தெரிந்துகொள்வது எங்கள் உரிமை. இதற்கான அறிவியல் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. ஏன் இத்தனை தாமதம் என்பதுதான் எங்கள் கேள்வி.

நெல்லுக்கு வரும் தொல்லைகளில் வெள்ளமும் வறட்சியும் உப்பும் கண்ணுக்குத் தெரிந்தவை. பயிர் அழுகும், கருகும், பதராகும். அவற்றைத் தாங்கும் ரகங்களை உருவாக்க நம் விஞ்ஞானிகள் உழைத்திருக்கிறார்கள், பலனும் கிடைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தொல்லை வேறு. காட்மியம், ஆர்செனிக், ஈயம் போன்றவை மண்ணிலோ நீரிலோ இருந்தால், பயிர் பச்சையாக நிற்கும், கதிர் முற்றும், மகசூலும் குறையாது. நஞ்சு மணிக்குள் ஏறியிருக்கும். இரண்டு தொல்லைகளும் தனித்தனியானவை அல்ல. உப்பு கூடிய மண்ணில் குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதைக் களிமண்ணின் பிடியிலிருந்து விடுவிக்கிறது. அதாவது, வேறு எந்த ரகமும் நிற்காத உவர் நிலத்தில் நின்று விளையும் நெல்லைத்தான் முதலில் சோதித்திருக்க வேண்டும். அங்கேதான் சோதனை இல்லை. எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இந்த ஓர் இடத்திலிருந்தே கிளம்புகின்றன.

முதலாவது, மண்வள அட்டையில் நச்சுத் தனிமங்களைச் சேர்க்க வேண்டும். 2015 முதல் கொடுக்கப்படும் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின்கடத்துத்திறன், அங்ககக் கார்பன் என்று 12 வரிகள். பயிருக்கு என்ன குறைகிறது என்று 12 வரிகளும் சொல்கின்றன. மனிதருக்கு எது கூடாது என்று சொல்ல ஒரு வரி இல்லை. தோல் ஆலை, சாய ஆலை, ரசாயன ஆலைகளின் கழிவு பாய்ந்த ஒன்றியங்களிலும், நகரக் கழிவுநீர் பாயும் ஏரிப் பாசனத்திலும் காட்மியம், ஆர்செனிக், ஈயம், குரோமியம் நான்கையும் அளந்து அட்டையில் எழுதுங்கள். மாநிலம் முழுக்க ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. சந்தேகமுள்ள இடங்களிலிருந்து தொடங்கினால் போதும். கோடையில் நிலம் தரிசாகக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்கள்தான் மண் எடுக்க ஏற்றவை. அடுத்த கோடையைத் தவறவிட்டால் மூன்று போகம் தள்ளிப்போகும்.

இரண்டாவது, இந்தச் சோதனையின் முடிவு உழவனுக்கு எதிரான ஆயுதமாகக் கூடாது. அட்டையில் ஓர் எண் கூடுதலாக வந்ததும் அந்த நிலத்து நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், அடுத்த ஆண்டு எவரும் ஒரு கைப்பிடி மண்கூடக் கொடுக்க மாட்டார். ஜப்பான் இதற்கு ஒரு வழி கண்டது. உணவு நெல்லுக்கு அன்றைய சட்ட வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம் என்று இருந்தபோதே, 0.4-க்கும் 1-க்கும் இடைப்பட்ட அரிசியை அரசே விலை கொடுத்து வாங்கி, உணவல்லாத பயன்பாட்டுக்கு அனுப்பியது. உழவர் கையில் பணம் வந்தது, அரிசி அடுப்புக்குப் போகவில்லை. அதே ஏற்பாட்டை இங்கேயும் கேட்கிறோம்: வரம்பு மீறிய நெல்லைக் குறைந்தபட்ச ஆதார விலையில் அரசு வாங்கித் தனியே வைக்க வேண்டும். முடிவை முதலில் நிலத்துக்காரரிடம் சொல்ல வேண்டும். குத்தகைக்குப் பயிரிடுபவரிடமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல ஊர்களில் அட்டை ஒருவர் பெயரிலும் மண்வெட்டி இன்னொருவர் கையிலும் இருக்கிறது. மண் அள்ளத் தொடங்கும் முன்பே இந்த உறுதிமொழி அரசாணையாக வெளிவர வேண்டும்.

மூன்றாவது கோரிக்கைதான் இந்தச் சாசனத்தின் நடுமரம். இனி எந்த நெல் ரகத்தை வெளியிட்டாலும், அது மண்ணிலிருந்து காட்மியத்தையும் ஆர்செனிக்கையும் எவ்வளவு மணிக்கு ஏற்றுகிறது என்ற அளவை ரகத்தின் குணங்களோடு சேர்த்து வெளியிட வேண்டும். இப்போது ஒரு ரகத்தைப் பற்றிச் சொல்லும்போது வயது, ஹெக்டேருக்கு மகசூல், மணியின் நீளம், பூச்சி நோய் தாங்கும் திறன், சோற்றின் பதம் எல்லாம் சொல்கிறார்கள். இன்னும் ஒரு வரி எழுத எத்தனை மை செலவாகும்? ரகத்துக்கு ரகம் இந்த அளவு மாறும் என்பது ஊகம் அல்ல. நெற்பயிரின் வேரில் ஓஎஸ்ஹெச்எம்ஏ3 என்றொரு மரபணு இருக்கிறது. அது சரியாக வேலை செய்தால் காட்மியத்தை வேரின் செல்களுக்குள்ளேயே பூட்டி வைக்கும், வேலை செய்யாத ரகங்களில் அது மணிவரை போய்விடும். ஜப்பானியர் உண்ணும் ஜப்போனிகா நெல்லைவிட, நாம் உண்ணும் இண்டிகா நெல் பொதுவாகக் காட்மியத்தைக் கூடுதலாக ஏற்றும் இயல்புடையது. அப்படியிருக்க, இண்டிகா உண்ணும் நாடு இதில் முன்னோடியாக இருந்திருக்க வேண்டும். உப்பைத் தாங்கும் ரகம், களரைத் தாங்கும் ரகம் என்று அறிவிக்கப்படுபவற்றுக்கு இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். சோதனையும் ஆராய்ச்சி நிலையத்தின் நல்ல மண்ணில் நடந்தால் பயனில்லை, அந்த ரகம் போகப்போகும் உவர் நிலத்திலேயே நடக்க வேண்டும். அடுத்த முறை புதிய ரகப் பட்டியல் வெளிவரும்போதே அந்த வரியை எதிர்பார்க்கிறோம்.

நான்காவது, ஏற்கெனவே எங்கள் வயலில் இருக்கும் ரகங்களையும் இதே கண்ணால் பாருங்கள். குறுவையில் ஏடிடி 43, சம்பாவில் பொன்மணி என்று நாங்கள் அறிந்த சிஆர் 1009, ஆந்திரா பொன்னி என்று கடைகளில் விற்கும் பிபிடி 5204, களருக்கு டிஆர்ஒய் 3 ஆகியவை லட்சக்கணக்கான ஏக்கரில் நிற்கின்றன. புது ரகம் பத்து வந்தாலும் சோற்றுப்பானைக்குப் போவது இவைதான். பாரம்பரிய நெல்லையும் விட்டுவிடக் கூடாது. கடலோர உவரில் நிற்கும் குழியடிச்சான், வேதாரண்யம் பக்கத்து ஒட்டடையான், பெயரிலேயே களரைச் சுமக்கும் களர்ப்பாலை, நீரிலும் வறட்சியிலும் நிற்கும் காட்டுயானம் போன்றவை நூற்றாண்டுகளாக உழவர்கள் தேர்ந்து காத்த செல்வங்கள். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களைத் தேடி மீட்டார். அரசு செய்யாத வேலையை ஒரு தனிமனிதர் செய்தார். 2018-ல் அவர் மறைந்த பிறகும் அவற்றின் நச்சு ஏற்கும் இயல்பை அளக்கும் வேலை அரசுக்குப் பாக்கி நிற்கிறது. ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம்: பாரம்பரிய ரகம் என்பதாலேயே காட்மியம் மரியாதையாக ஒதுங்கி நிற்காது. அதிலும் இந்த நெல்லைப் பெரும்பாலோர் தவிட்டோடு, கைக்குத்தலாக உண்கிறார்கள். ஆர்செனிக் அதிகம் தங்குவது தவிட்டில்தான். ஆகவே இவற்றைச் சோதிப்பது பாரம்பரியத்தைக் குறைத்துப் பேசுவதாகாது, காப்பதாகும். 1922 முதல் இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் 1912 முதல் இயங்கும் கோவை நெல் இனப்பெருக்க நிலையமும் சேர்ந்து இரண்டே சம்பாப் பருவத்தில் இதை முடிக்கலாம். விதை கொடுக்கும் உழவர்களின் பெயர் அறிக்கையில் இருக்க வேண்டும். அந்த விதையிலிருந்து புதிய ரகம் பிறந்தால் பலனில் அவர்களுக்குப் பங்கும் வேண்டும்.

ஐந்தாவது, நஞ்சை ஏற்றாத குணத்தை நமது ரகங்களுக்குள் கொண்டுவரும் இனப்பெருக்கத் திட்டம் ஒன்றை ஆடுதுறையில் தொடங்க வேண்டும். வேர் என்பது பல கதவுகள் உள்ள வீடு. சிலிக்காவுக்காக நெல் திறந்து வைத்திருக்கும் கதவு வழியே ஆர்செனிக் நுழைகிறது. மாங்கனீசுக்காகத் திறந்த கதவு வழியே காட்மியம் நுழைகிறது. எந்தக் கதவு எது என்பது 2008-க்கும் 2012-க்கும் இடையே ஒவ்வொன்றாகத் தெரிந்துவிட்டது. கோஷிஹிகாரி நெல்லில் அயனிக் கற்றை பாய்ச்சிய ஜப்பானியர், மாங்கனீசுக் கதவு பழுதான ஒரு செடியைப் பிரித்தெடுத்தார்கள். அதன் மணியில் காட்மியம் ஏறக்குறைய இல்லை. அந்தக் குணத்தைச் சாதாரணக் கலப்பினத்தால் சேர்த்து உருவான அகிதாகொமாச்சி ஆர் என்ற ரகத்துக்கு அகிதா மாகாணம் 2025-ல் பெருமளவில் மாறியது. இதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. மாங்கனீசு குறைந்த மண்ணில் அந்தக் குணமுள்ள செடிகள் பழுப்புப் புள்ளி நோய்க்கு எளிதில் இரையாகின்றன. நம் மணற்பாங்கு நிலங்களில் இது உண்மையான ஆபத்து. ஆகவே நம் ஊரில், நம் ரகத்தில், பல மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. ஒடிசாவின் பழைய நெல்லிலிருந்து வந்த வெள்ளம் தாங்கும் சப் 1 மரபணு எது என்று 2006-ல் உறுதியானது. 2009-ல் ஸ்வர்ணா சப் 1 இந்திய உழவர் கைக்கு வந்துவிட்டது. காட்மியக் கதவு தெரிந்து அதைப்போல நான்கு மடங்குக்கும் கூடுதலான காலம் ஓடிவிட்டது.

ஆறாவது, இருக்கும் நல்ல விதையையாவது நேரத்துக்குக் கொடுங்கள். சிஆர் 1009 சப் 1 முழுக்க நீரில் மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை உயிரைப் பிடித்துக்கொண்டு, நீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கும். நவம்பர் மழையில் இளம்பயிர் மூழ்கும் கடைமடைக்கு இதைவிடத் தேவையான குணம் இல்லை. ஜனவரியில் கதிர் சாயும்போது இது உதவாது என்பதையும் விதை கொடுக்கும் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாததால் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். உவருக்கும் களருக்கும் ஒரே விதையை நீட்டும் பழக்கமும் போக வேண்டும். களர் நிலத்துக்கு ஜிப்சமும் டிஆர்ஒய் ரகங்களும் பொருந்தும். கடல்நீர் ஏறிய உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதோடு, கேரளத்துப் பொக்காளி நெல்லிலிருந்து வந்த சால்டால் குணமுள்ள ரகங்கள் வேண்டும். மண்ணின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே சாதாரண நெல்லில் மகசூல் சரியத் தொடங்குகிறது. அந்த எண் மண்வள அட்டையிலேயே இருக்கும்போது, அதைப் பார்த்து விதை ஒதுக்குவதற்கு என்ன தடை? ஆடிப்பெருக்குக்கு முன்பே வேளாண் விரிவாக்க மையங்களில் விதை இருப்பில் இருக்க வேண்டும். நாற்றங்கால் விட்ட பிறகு வரும் விதை, மானியக் கணக்கை முடிக்க உதவும், வயலுக்கு உதவாது.

ஏழாவது, மரபணு திருத்திய நெல்லைப் பற்றி மறைவில்லாமல் பேச வேண்டும். 2025 மே மாதம் ஒன்றிய அரசு இரண்டு ரகங்களை அறிவித்தது. பிபிடி 5204-லிருந்து வந்த 'டிஆர்ஆர் தான் 100' ஒன்று. எம்டியு 1010-லிருந்து வந்த, வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்று சொல்லப்படும் பூசா டிஎஸ்டி ரைஸ் 1 மற்றொன்று. எங்களில் சிலர் இதை வரவேற்கிறார்கள், சிலர் எதிர்க்கிறார்கள். இந்தச் சாசனத்தில் கையெழுத்திட அந்தக் கருத்து வேறுபாடு தடையாகவில்லை. எல்லோரும் ஒன்றாகக் கேட்பது இதுதான்: கள ஆய்வின் முழுத் தரவும், நச்சுத் தனிம அளவு உள்பட, தமிழில் வெளிவரட்டும். இவற்றில் பயன்பட்ட தொழில்நுட்பத்தின் காப்புரிமை யாரிடம் இருக்கிறது, விதையின் விலையில் அது எப்படி எதிரொலிக்கும் என்று சொல்லட்டும். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் விதையை எடுத்து வைக்கவும் விதைக்கவும் பகிரவும் எங்களுக்குத் தந்திருக்கும் உரிமை, இந்த ரகங்களுக்கும் செல்லும் என்று எழுத்தில் தரட்டும். வயலுக்கு வந்த பிறகு கேட்டுப் பயனில்லை என்பதால் வருவதற்கு முன்பே கேட்கிறோம்.

எட்டாவது, தண்ணீர் சிக்கனப் பிரசாரத்தோடு மண் சோதனையையும் இணைக்க வேண்டும். நீர் மறைய நீர் கட்டும் முறையை அரசு பரப்புகிறது. நல்ல முறைதான், தண்ணீர் மிச்சம், மீத்தேன் குறைவு. வயலில் எப்போதும் நீர் நின்றால் மண்ணில் காற்று அற்றுப்போய், இரும்போடு ஒட்டியிருந்த ஆர்செனிக் கரைந்து பயிருக்குப் போகிறது. நீரை வடித்தால் ஆர்செனிக் குறைகிறது. ஆனால் காட்மியத்தின் போக்கு நேர் எதிர். நீர் நிற்கும்போது கந்தகத்தோடு சேர்ந்து அடங்கிக் கிடப்பது, வயல் காய்ந்து வெடித்ததும் கரைந்து வேருக்குப் போகிறது, குறிப்பாகப் பூக்கும் காலத்திலிருந்து அறுவடை வரை. ஆக, எந்த நஞ்சு இருக்கிறது என்று தெரியாமல் நீர் கட்டு, நீர் வடி என்று பொதுவாக அறிவுரை சொல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுப்பதுதான். காட்மியம் உள்ள வயலில் கதிர் முற்றும்வரை நீரைத் தேக்கி வைக்க வேண்டும், ஆர்செனிக் உள்ள வயலில் இடையிடையே காய விட வேண்டும். எந்த வயல் எது என்பதை மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன் சொல்லிவிட்டால், மதகைத் திறக்கவும் அடைக்கவும் எங்களுக்குத் தெரியும்.

ஒன்பதாவது, பாலாற்றுக்கு நியாயம். தாங்கும் விதையைக் கொடுத்துவிட்டுக் கழிவைத் தொடர்ந்து விடும் பேரத்துக்கு நாங்கள் ஒப்பவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற நெறியை இந்நாட்டுச் சட்டமாக்கியது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 28 ஆண்டுக்கு மேல் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது: பாதிக்கப்பட்டோருக்கு அரசு முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். ஒரே நோய்க்கு இரண்டாவது முறை தீர்ப்பு வாங்க வேண்டிய நிலைக்கு எந்தப் பெயர் வைப்பது என்று அரசே சொல்லட்டும். ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல், மேடாகக் குவிந்து ஊருக்குள்ளேயே சாபமாக நின்றது. குரோமியத்தின் பெரும்பகுதி நெல்லின் வேரிலேயே தங்கிவிடும், மணிக்கு அதிகம் ஏறாது. அந்த அளவுக்கு ஆறுதல் உண்டு. ஆனால் கிணற்று நீருக்கும் வைக்கோல் தின்னும் மாட்டுக்கும் அந்த ஆறுதல் செல்லாது. தோலைப் பதப்படுத்தும் உப்போ நிலத்தை நேரடியாகக் கொல்கிறது: கிணற்று நீர் பாய்ந்து காய்ந்த வரப்பில் வெள்ளையாகப் பூத்து நிற்பதை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தால் தெரியும். இழப்பீடு, கழிவு அகற்றல், உப்புநீர் வெளியேற்றத் தடை மூன்றுக்கும் நாள் குறித்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் வாசலில் ஒட்டுங்கள்.

பத்தாவது, உரம். காட்மியம் ஆலைக் கழிவில் மட்டும் வருவதில்லை. பாறை பாஸ்பேட்டிலிருந்து செய்யும் உரத்தோடும் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் பாஸ்பேட் உரத்தில் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. இங்கே நாங்கள் வாங்கும் டிஏபி மூட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து அளவு அச்சாகியிருக்கிறது. காட்மிய அளவும் அச்சாகட்டும். துத்தநாகம் குறைந்த நெல் வயலில் காட்மியம் எளிதாக ஏறும் என்பதால், துத்தநாக சல்பேட்டை மானியத்தில் தடையின்றிக் கொடுங்கள். இது செலவு குறைந்த வேலை. அடுத்த நடவுக்கே செய்துவிடலாம்.

பதினோராவது, ரேஷன் கடைக்கும் சத்துணவுக்கும் போகும் அரிசியைச் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூட்டையில் குத்தூசியை விட்டு ஒரு கைப்பிடி நெல் எடுத்து, ஈரப்பதமானியில் கொட்டினால் ஒரு நிமிடத்தில் எண் வந்துவிடும். 17-க்கு மேலே ஒரு புள்ளி கூடினாலும் நெல்லைத் திரும்பக் களத்தில் காயவைக்க வேண்டும், நாங்களும் மழைக்கும் மாட்டுக்கும் நடுவே காவல் இருக்க வேண்டும். ஈரத்துக்கு இவ்வளவு கண்டிப்பு காட்டும் அதே நிலையம் காட்மியத்தைக் கேட்பதே இல்லை. செறிவூட்டிய அரிசி என்று இரும்புச் சத்து மணிகளை நூற்றுக்கு ஒன்றாகக் கலந்து கொடுத்த அரசு, அதே மூட்டையில் வரக்கூடாதது வருகிறதா என்று பார்ப்பதில்லை. ஏற்றுமதி அரிசிக்கு, வாங்கும் நாடு கேட்கிறதென்று எல்லாச் சோதனையும் செய்கிறோம். 2011 முதல் விலையில்லா அரிசி பெறும் குடும்பம் கேட்டால் மட்டும் ஏன் ஆகாது? மூட்டைக்கு மூட்டை சோதிக்க வேண்டாம். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் ஒவ்வொரு கிடங்கிலும், வெளிமாநிலத்திலிருந்து இந்திய உணவுக் கழகம் வழியாக வரும் ஒவ்வொரு ரயில் சரக்கிலும் மாதிரி எடுத்தால் போதும். அளவுகோலுக்கும் அலைய வேண்டியதில்லை. பன்னாட்டு உணவுத் தர நெறி, தீட்டிய அரிசியில் கிலோவுக்குக் காட்மியம் 0.4 மில்லிகிராம், கனிம ஆர்செனிக் 0.2 மில்லிகிராம் என்று வரையறுத்திருக்கிறது. ஐரோப்பா குழந்தைகளுக்கான அரிசி உணவில் கனிம ஆர்செனிக்கை 0.1-க்கு இறக்கியிருக்கிறது. மூன்று வேளையும் அரிசி உண்ணும் நம் அங்கன்வாடிக் குழந்தைக்கு அதைவிடத் தளர்வான அளவு பொருந்தாது. வரும் கொள்முதல் பருவம் தொடங்கும்போதே இது நடக்க வேண்டும்.

அடுப்படிக்கான அறிவுரையை அரசு கொடுக்க வேண்டியது பன்னிரண்டாவது. நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சி வடித்தால், அந்தத் தண்ணீர் சுத்தமாக இருக்கும்பட்சத்தில், ஆர்செனிக்கில் ஒரு பகுதி போய்விடும். குக்கரில் அப்படியே தங்கிவிடும். காட்மியத்துக்கு இந்த வைத்தியம் பெரிதாகப் பலிக்காது. கங்கைச் சமவெளியைப் போல நம் மாநிலம் ஆர்செனிக் நாடு அல்ல. ஆகவே எல்லோரையும் பயமுறுத்த வேண்டாம். சோதனையில் எண் வந்த இடத்தில் மட்டும் சொல்லுங்கள், உடனே சொல்லுங்கள்.

பதின்மூன்றாவது, இவற்றுக்கெல்லாம் பணமும் பொறுப்பாளரும். 2021 முதல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை இருக்கிறது. அதில் மண் நச்சுச் சோதனை, ரகச் சோதனை, அரிசிச் சோதனை மூன்றுக்கும் தனித் தலைப்பில் தொகை வேண்டும். வேளாண்மைத் துறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் காட்டுவதும், வாரியம் உணவுப் பாதுகாப்புத் துறையைக் காட்டுவதும், அந்தத் துறை கூட்டுறவுத் துறையைக் காட்டுவதும் எங்களுக்குப் பழகிப்போன காட்சி. மூன்று சோதனைக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் ஓர் அதிகாரியை நியமித்து, அவரது பெயரையும் காலாண்டு அறிக்கையையும் உழவன் செயலியில் போடுங்கள். காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக 2020-ல் சட்டம் ஆக்கினீர்கள். அந்தப் பாதுகாப்பு வரைபடத்தோடு நிற்காமல் மண்ணுக்குள்ளும் இறங்க வேண்டும்.

தாமதத்தின் விலை என்னவென்று அறிய ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையைப் பாருங்கள். சுரங்கத்திலிருந்து ஆற்றில் கலந்த காட்மியம் வயலுக்கு வந்து, அந்த நெல்லை உண்ட பெண்களின் எலும்பை நொறுக்கியது. 1968-ல் அரசு அதை மாசு நோய் என்று ஒப்புக்கொண்டது. அந்த வயல்களின் மண்ணை மாற்றிச் சீர்செய்யும் வேலை முடிந்தது 2012-ல். நாங்கள் கேட்கும் சோதனைகளுக்கு ஆகும் செலவை அந்த நாற்பத்து நான்கு ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைப் படிக்கும் உழவருக்கும் நகரத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். மே 1 கிராமசபையில் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள்: எங்கள் ஊர் மண்ணில் நான்கு நச்சுத் தனிமங்களையும் அளக்க வேண்டும், எங்கள் ஊர் ரேஷன் கடை அரிசியின் சோதனை முடிவைக் கடையிலேயே எழுதி ஒட்ட வேண்டும். தீர்மான நகலை ஆட்சியருக்கும் வேளாண் இணை இயக்குநருக்கும் அனுப்பி, பெற்றதற்கான கையெழுத்தை வாங்கி வையுங்கள். ஆகஸ்ட் 15 கிராமசபை கூடும்போது, பதில் வந்ததா என்று அதே மேடையில் கேளுங்கள்.